நீளக் குழாயும் இரண்டு சத்தியங்களும்

என் இடுப்பு எனக்கு முன்னாலேயே ரிட்டயர் ஆகிவிட்டது. முப்பத்தாறு வயதில் "பணி ஓய்வு பெறும் நம் அக்கா" என்று மேடையில் என்னை அழைத்தபோது கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது, நானும் சிரித்தேன். எண்டோஸ்கோபி அறையில் எக்ஸ்ரே ஓடும் நேரமெல்லாம் ஈயக் கோட்டு மாட்டியிருக்க வேண்டும். அது தோளில் ஏறி இடுப்பில் உட்காரும். வருடக்கணக்கில் அதைச் சுமந்ததில் முதுகில் ஒரு தட்டு விலகியது. "இனிமே கோட்டு மாட்டக் கூடாது" என்றார் எலும்பு டாக்டர். கோட்டு இல்லாமல் அந்த அறைக்குள் நிற்க முடியாது. வேறு வார்டில் போய் நிற்க எனக்கு மனம் இல்லை. ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அன்று மாலை ஜூனியர் பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். புது மிஷின்கள் வரப்போகின்றன, பழைய அறையை இடித்து இரண்டாக்கப் போகிறார்கள்.

"அதுக்கு முன்னாடி எழுதிக் குடுத்துட்டுப் போங்கக்கா" என்றாள் ஒருத்தி.

"எதை?"

"அந்த நீளக் குழாய் கேஸை. ஆளுக்கொரு மாதிரி சொல்றாங்க. ஒருத்தங்க சொல்றதுல அந்தம்மா செத்தே போயிட்டாங்க."

சாகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். பெயர்களையும் ஊரையும் மாற்றியிருக்கிறேன். ஏன் மாற்ற வேண்டியிருந்தது என்பது படித்து முடிக்கும்போது தெரியும்.

என் அய்யாவும் அம்மாவும் சாயல்குடிப் பக்கம் உப்பளத்தில் வேலை பார்த்தவர்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போய், முழுதாகப் படித்து வெளியே வந்த முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. நர்சிங் படித்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஆங்கிலத்தில் இருந்த உடம்பைத் தமிழில் புரிந்துகொண்டு மறுபடி ஆங்கிலத்தில் எழுதினேன், தேறினேன், ராமநாதபுரத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்ந்தேன். வேலையில் சேர்ந்து முதல் தடவை ஊருக்குப் போனபோது அய்யா என்னைப் பார்த்து "வாங்க" என்றார். சொல்லிவிட்டு அவரே வெட்கப்பட்டுக்கொண்டு தண்ணீர் எடுக்கப் போய்விட்டார்.

எண்டோஸ்கோபி அறையில் என்னைப் போட்டது தற்செயல்தான். அங்கே இருந்தவர் பிரசவ விடுப்பில் போனார். ஒரு மாதத்துக்கு என்று என்னை அனுப்பினார்கள். அந்த அறை முதல் நாளே என்னைப் பிடித்துக்கொண்டது. ஜன்னலுக்குக் கறுப்புத் திரை. உள்ளே பகல் என்றும் சொல்ல முடியாது, இரவு என்றும் சொல்ல முடியாது. ஏசியின் மெல்லிய முனகல். டிவி போன்ற ஒரு திரையில் மட்டும் வெளிச்சம். அந்த வெளிச்சத்துக்குள் மனித உடம்பின் உட்புறம், ஈரமாக, இளஞ்சிவப்பாக, மடிப்பு மடிப்பாக. கேமரா முன்னால் நகர நகர மடிப்புகள் விலகி வழி விடும், பின்னால் மூடிக்கொள்ளும். கண்ணாடி மாட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கிப் பார்த்தவர்கள் பாம்பன் பக்கம் சொல்வார்கள், கீழே வேறொரு ஊர் இருக்கிறது, அங்கே யாருக்கும் அவசரம் இல்லை என்று. எனக்கு நீச்சல் தெரியாது. நான் போய் வந்த கடலடி அதுதான்.

அந்த அறையின் தலைவர் டாக்டர் அன்வர். உள்ளே வந்ததும் முதலில் நோயாளியின் தலைமாட்டில் போய் நிற்பார். பெயர் சொல்லிக் கூப்பிடுவார். "கொஞ்சம் தொந்தரவு பண்ணப் போறேன், மன்னிச்சுக்கங்க" என்பார். தொந்தரவு செய்யும் முன்னாலேயே மன்னிப்புக் கேட்கிற ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் தணியும். அப்போதுதான் எங்களுக்குப் பயம். கருவி ஒரு வளைவில் தட்டி நின்றால் தள்ள மாட்டார். கையைத் தளர்த்திவிட்டு, ஏதோ ஞாபகம் வந்தவர் போல நிற்பார். கொஞ்ச நேரத்தில் எதிரே மூடியிருந்த மடிப்பு தானாகத் திறக்கும்.

"குடல் குடுக்கிற வழியிலதான் போகணும்மா" என்பார். "நாம எடுத்துக்கிற வழி ஓட்டையாயிரும்."

நீளக் குழாய் எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வயிற்றைத் திறந்து செய்கிற எந்த அறுவைக்குப் பிறகும் குடல் சில நாள் அசையாமல் கிடக்கும். பெரும்பாலும் தானாக எழுந்துவிடும். சிலருக்கு உள்ளே ஆறுகிற இடங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, குடல் மடங்கிச் சிக்கிவிடும். மேலே இருந்து வருவது கீழே இறங்காது. வயிறு உப்பும், பச்சையாக வாந்தி வரும். மறுபடி திறந்து பிரித்துவிடலாம். ஆனால் அறுவை முடிந்து ஒன்றிரண்டு வாரத்தில் அந்த வயிற்றுக்குள் போவது, பசை காயாத ஈரக் காகிதங்களைப் பிரிப்பது போல. பிரிக்கப் போன இடத்தில் கிழியும். அதனால் முடிந்த வரை பொறுப்போம். பொறுக்கிற நேரத்தில் குடலின் பாரத்தை இறக்கி வைக்கத்தான் இந்தக் குழாய்.

சாதாரண மூக்குக் குழாய் இரைப்பையோடு நின்றுவிடும். இது இரைப்பையைத் தாண்டி, சிறுகுடலுக்குள், அடைப்பு இருக்கிற இடம் வரை போக வேண்டும். முதலில் பென்சிலை விட மெல்லிய எண்டோஸ்கோப்பை மூக்கு வழியாக இறக்கி, இரைப்பையின் கடைசி வாசலைத் தாண்டுவார் டாக்டர். அதன் உள்ளே இருக்கிற துளை வழியாக நான் ஒரு கம்பியை அனுப்புவேன். கம்பி சிறுகுடலுக்குள் போய்ச் சேர்ந்ததும் எண்டோஸ்கோப்பை வெளியே எடுக்க வேண்டும். கம்பி மட்டும் போன இடத்திலேயே இருக்க வேண்டும். அவர் ஒரு விரல் அளவு இழுத்தால் நான் ஒரு விரல் அளவு கம்பியை உள்ளே கொடுப்பேன். நான் அதிகம் கொடுத்தால் கம்பி உள்ளே சுருண்டுவிடும், குறைத்தால் கூடவே வெளியே வந்துவிடும். எக்ஸ்ரே திரையில் கம்பியின் நுனியைப் பார்த்துக்கொண்டே இதைச் செய்வோம். அவரும் நானும் எதிரெதிராக நகர்ந்துகொண்டிருப்போம், நடுவில் அந்த நுனி மட்டும் அசையாமல் நிற்கும். பேச்சே இருக்காது. அந்தச் சில நிமிடங்களில் எனக்கு இடுப்பும் இல்லை, ஈயக் கோட்டும் இல்லை.

பிறகு அந்தக் கம்பியின் மேலேயே நீளக் குழாயை ஏற்றி உள்ளே அனுப்பி, கம்பியை உருவிவிடுவோம். குழாயின் நுனியில் ஒரு சின்ன பலூன். அதில் சுத்தத் தண்ணீரை நிரப்புவோம். அதோடு எங்கள் வேலை முடிந்தது. இனி குடலின் வேலை. பலூனைச் சாப்பாடு என்று நினைத்துக் குடல் பிடித்துக் கீழே கீழே தள்ளும். குழாய் தானாகவே ஊர்ந்து போகும். போகிற வழியில் தேங்கிக் கிடக்கிற காற்றையும் நீரையும் வெளியே இருக்கிற பாட்டிலுக்கு உறிஞ்சி எடுக்கும்.

முதல் தடவை பலூன் நிரம்பியதும், பழக்கத்தில் குழாயை மூக்கோடு சேர்த்து ஒட்ட என் கை பிளாஸ்திரியைத் தேடியது. டாக்டர் தன் உள்ளங்கையை நடுவில் நீட்டினார்.

"இதை ஒட்டக் கூடாதும்மா. கன்னத்துப் பக்கம் ஒரு வளையம் தளர்வா விட்டு வை. அது போற போக்கில இழுத்துக்கட்டும்."

அதன் பிறகு நூறு தடவை அந்த வளையத்தை விட்டு வைத்திருப்பேன். மதியம் வார்டுக்குப் போய்ப் பார்த்தால் வளையம் சிறுத்திருக்கும். மூக்கின் ஓரத்தில் வழவழப்புத் தடவி, இன்னும் கொஞ்சம் தளர்த்தி விடுவேன். நோயாளி தூங்கிக்கொண்டிருப்பார். யார் கையும் படாமல், உறங்குகிற ஓர் உடம்பு தன் மருந்தைத் தானே உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது நேரம் போவதே தெரியாது. பெரியபட்டினத்துக்காரர் ஒருவர், கல்ஃபிலிருந்து வந்து பித்தப்பை அறுவை செய்துகொண்டவர், கண் விழித்து என்னைப் பார்த்தார். "என்னம்மா, தூண்டில் போட்டுட்டு உக்காந்திருக்கிற மாதிரி இருக்கே. ஏதாச்சும் மாட்டுச்சா?" என்றார். "நீங்கதான் மாட்டியிருக்கீங்க காக்கா" என்றேன். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். சிரித்தால் தையல் வலிக்கும் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

இப்போது பூமயில் அம்மா.

முதுகுளத்தூருக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமம். மிளகாய்க் கொல்லையும் ஆடுகளும் வைத்து, கணவர் இறந்த பிறகு தனியாளாக விவசாயம் பார்த்தவர். குடல்வால் உடைந்து சீழ் பரவிய நிலையில் கொண்டு வந்தார்கள். எங்கள் சர்ஜன் டாக்டர் கனகவேல் திறந்து கழுவி மூடினார். முதல் வாரம் நன்றாகப் போனது. கஞ்சி குடித்தார், நடந்தார். வீட்டுக்கு அனுப்பலாம் என்றிருந்த நேரத்தில் வயிறு உப்பி, வாந்தி தொடங்கியது. ஒட்டிக்கொண்டுவிட்டது. நாங்கள் நீளக் குழாயை வைத்தோம்.

மிளகாய்ப் பழம் பறிக்கும் மாதம் அது. சொந்தக்காரப் பெண்கள் எல்லோரும் கொல்லையில். ஒரே மகள் செல்வி நிறைமாதம், பஸ் ஏறக் கூடாது. அதனால் துணைக்கு இருந்தது மருமகன் முனியசாமி ஒருவர்தான். மினி லாரி ஓட்டுபவர். நல்ல உயரம், குனிந்த தலை. அறை வாசலில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மருந்துச் சீட்டைக் கொடுத்தால் ஓடுவார், வந்து மறுபடி அதே ஸ்டூல். அப்படிப் பார்த்துக்கொள்கிற மகனைக்கூட நான் அதிகம் கண்டதில்லை.

ஆனால் அவர்கள் இருவரும் பேசிக்கொண்டு நான் பார்க்கவில்லை. அந்தப் பக்கத்தில் மாமியார் மருமகன் முன்னால் நின்று பேசுவது வழக்கம் இல்லை. அவர் உள்ளே வந்தால் இவர் படுத்தபடியே சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவர் பக்கம் திரும்பிவிடுவார். சொல்ல வேண்டியதை என் வழியாகச் சொல்வார்.

"மாப்பிள்ளைய சாப்பிட்டு வரச் சொல்லு தாயி."

முனியசாமி ஓரடி தள்ளி நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார். கேட்டுவிட்டு என்னிடம், "சாப்பிட்டாச்சுன்னு சொல்லுங்க சிஸ்டர்" என்பார். நான் இருவருக்கும் நடுவில் தந்திக் கம்பி மாதிரி நிற்பேன்.

குழாய் முதல் நாள் நன்றாக ஊர்ந்தது. இரண்டாம் நாள் மெதுவாகி, ஓர் இடத்தில் நின்றது. பாட்டிலில் பச்சை நீர் குறைந்துகொண்டே வந்தது. வயிறும் கொஞ்சம் தளர்ந்தது. ஆனால் எக்ஸ்ரேயில் சிறுகுடல் இன்னும் வீங்கித்தான் தெரிந்தது. நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியாத நிலை. அந்த நிலையில் டாக்டர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று: காற்று பிரிந்ததா? பிரிந்திருந்தால் வழி திறந்துவிட்டது, காத்திருக்கலாம். இல்லையென்றால் கத்தி.

மூன்றாம் நாள் காலை ரவுண்ட்ஸ். டாக்டர் கனகவேல், டாக்டர் அன்வர், வார்டு பொறுப்பாளர் மேரி சிஸ்டர், நான். கட்டிலின் கால்மாட்டில் முனியசாமி, கையைக் கட்டிக்கொண்டு.

"காத்து பிரிஞ்சுச்சாம்மா?" டாக்டர் கனகவேலுக்குப் பெரிய குரல். தாழ்வாரம் வரை கேட்கும்.

பூமயில் அம்மா சுவரைப் பார்த்தார்.

"உங்களைத்தாம்மா கேக்குறேன்."

முனியசாமி தொண்டையைச் செருமினார். "டாக்டர் கேக்கிறதுக்கு அத்தையப் பதில் சொல்லச் சொல்லுங்க சிஸ்டர்."

சேலைத் தலைப்புக்குள்ளிருந்து குரல் வந்தது. "இல்லைன்னு சொல்லு தாயி."

டாக்டர் கனகவேல் அன்வர் சாரைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனார். நான் பின்னால் நின்றேன்.

"மத்தியானம் திறக்கப் போறேன்."

"குழாய் வழியா சாயம் விட்டு ஒரு படம் பாத்துடலாமே" என்றார் அன்வர் சார்.

"சாயம் இறங்குதா இல்லையான்னு தெரியப் பாதி நாள் ஆகும். உள்ள குடல் கறுத்துப் போக அது போதும். ஒரு தடவை நான் அப்படிக் காத்திருந்து ஒரு ஆளை இழந்திருக்கேன். மறுபடி முடியாது."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. காற்று பிரியவில்லை என்றால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஆனால் அந்த வயிற்றைத் திறந்தால் என்ன ஆகும் என்பதும் அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். அன்வர் சார் மிக மெதுவான குரலில் "சரி" என்றார்.

கையெழுத்துக்குக் காகிதத்தை நீட்டியபோது முனியசாமி வாங்கவில்லை. "செல்விட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வாரேன்" என்று போனைக் காதில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். திரும்பி வரவில்லை. தியேட்டரில் கட்டில் தயார். மேரி சிஸ்டர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"வண்டியையும் காணோம். மாமியாரை அறுக்கணும்னதும் மாப்பிள்ளை எடுத்தான் ஓட்டம். ஆளு பாக்கத்தான் பனைமரம்."

நான் பூமயில் அம்மாவின் அருகில் போய் உட்கார்ந்தேன். மாசி மாதத்து வெயில் ஜன்னல் வழியாக வந்து போர்வையில் கிடந்தது. அவர் பாதித் தூக்கத்தில் பேசினார்.

"களம் பூராம் பழம் செவந்து கெடக்கும் இந்நேரம். கண்ண மூடினா அதான் தெரியுது. ஒரே செவப்பு. அதுக்குள்ள நான் நடந்து போற மாதிரியும், கால் கீழ படாத மாதிரியும்."

"நல்லாயி நடப்பீங்கம்மா."

"தாயி."

"சொல்லுங்க."

"ஒரு ஊதுபத்தி கொளுத்தி வையேன்."

முந்தின நாள் சாயங்காலமும் கேட்டிருந்தார். ஆக்ஸிஜன் இருக்கிற இடம், கொளுத்தக் கூடாது என்று சொல்லியிருந்தேன். சாமிக்குத்தான் என்று நினைத்தேன். இப்போதும் அதையே சொன்னேன்.

"அப்ப அந்தக் காத்தாடியவாச்சும் வேகமா வை."

கை தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது. காலையிலிருந்து போர்வையைக் கழுத்து வரை இழுத்து மூடிக்கொண்டிருக்கிறவருக்கு எதற்கு ஃபேன்?

அப்போதுதான் எனக்கு என் அம்மாவின் ஞாபகம் வந்தது. எனக்குக் கல்யாணமாகி எத்தனையோ வருடம். இன்றும் என் வீட்டுக்காரர் வந்தால் அம்மா கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசும். ஒரு தடவை அவர் இருக்கும்போது அம்மாவுக்கு விக்கல் வந்துவிட்டது. மூச்சை அடக்கிக்கொண்டு கொல்லைப்புறம் ஓடி, அவர் கிளம்பும் வரை வேலியோரம் நின்றது. விக்கலுக்கே அப்படி.

எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன். பூமயில் அம்மாவின் காதுக்குப் பக்கத்தில் குனிந்தேன்.

"அம்மா, காத்து பிரிஞ்சிச்சா?"

தலைப்புக்குள்ளிருந்தே கேட்டார், "மாப்பிள்ளை எங்கன இருக்காக?"

"வெளிய போயிருக்காக."

"வாசல்ல நிக்கலையே?"

"வண்டியவே காணோம்மா."

தலைப்பை விலக்கி என்னைப் பார்த்தார். அவர் முகத்தை முழுதாகப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

"நேத்து வெயில் தாழவே ஆயிருச்சு. அதுக்குப் பெறகும் ரெண்டு மூணு தரம்."

ஊதுபத்தியும் காத்தாடியும் வாடைக்குத்தான் கேட்டிருக்கிறார். "காலையில கேட்டப்ப ஏம்மா இல்லைன்னீங்க?"

"நீ படிச்ச புள்ளதான? மாப்பிள்ளை கால்மாட்டுல நிக்காக. அந்தாளு ஊரு கேக்கக் கத்துறாரு. ஆமான்னு எப்பிடிச் சொல்றது?"

"சொல்லலைன்னா மறுபடியும் வயித்தத் தொறப்பாங்கம்மா. உசுருக்கே ஆபத்து."

"செத்தா ஒரு நாளோட போகும்" என்றார், வெகு நிதானமாக. "இது நாளைக்குப் பேரன் பொறந்து, அவனுக்குக் கல்யாணம் ஆகிற வரைக்கும் நிக்கும்."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்து எடுத்த முடிவு அது. நான் கிளம்பியபோது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டர்ட்ட சொல்லு. மாப்பிள்ளைக்குத் தெரியக் கூடாது. சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

தியேட்டர் வாசலில் கை கழுவிக்கொண்டிருந்த டாக்டர் கனகவேலை நிறுத்திச் சொன்னேன். அன்வர் சாரும் வந்துவிட்டார்.

"நேத்தே பிரிஞ்சதா? நான் கேட்டப்ப இல்லைன்னுதானே சொன்னாங்க?"

"அவங்க மருமகன் முன்னாடி கேட்டீங்க சார்" என்றேன்.

அவர் முகத்தில் கோபம் வந்து, அது வழி தெரியாமல் நின்று, பிறகு போய்விட்டது. குழாய்த் தண்ணீரை மூடினார். "என் மாமியார் நான் இருக்கிற வீட்டுல தும்மக்கூட மாட்டாங்க" என்றார், யாரிடமும் அல்லாமல். பிறகு அன்வர் சாரைப் பார்த்து, "சாயத்தை விடுங்க. சாயங்காலம் வரைக்கும்தான். பெருங்குடலுக்கு வரலைன்னா நான் கேக்க மாட்டேன்."

சக்கர நாற்காலி எடுக்கக் கீழே இறங்கியபோது, படிக்கட்டின் திருப்பத்தில் முனியசாமி நின்றுகொண்டிருந்தார். சட்டையெல்லாம் வேர்வை. என்னைக் கண்டதும் கேட்டார்.

"சொல்லிட்டாகளா?"

எனக்குப் புரிந்தது. ஆனாலும் சத்தியம் இருக்கிறதே. "என்னத்த?" என்றேன்.

அவர் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நேத்து சாயங்காலம் ஸ்டூல்ல உக்காந்திருந்தேன் சிஸ்டர். எனக்குக் காது நல்லாக் கேக்கும்."

"அப்ப டாக்டர்ட்ட நீங்களே சொல்லியிருக்கலாமே?"

"அத்தையப் பத்தி அந்த வார்த்தைய நான் எப்பிடி வாயில எடுக்க? காலையில செல்விக்குப் போன் போட்டேன். அவ வாங்கு வாங்குன்னு வாங்கிட்டா. 'நீ அங்கன நிக்கிற வரைக்கும் எங்காத்தா வாயத் தொறக்காது, வண்டிய எடுத்துக்கிட்டு எங்கிட்டாவது போய்த் தொலை'ன்னுட்டா. தேவிபட்டினம் வரைக்கும் போயிட்டு வாரேன்."

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கையெழுத்து இப்ப வேண்டாம். சாயங்காலம் சொல்றோம்" என்றேன்.

அவர் இரண்டு படி ஏறி, நின்று, திரும்பினார். "சிஸ்டர், எனக்குத் தெரியும்னு அத்தைக்குத் தெரியக் கூடாது. கூனிக் குறுகிப் போவாக. சத்தியம் பண்ணுங்க."

ஒரே நாளில், ஒரே விஷயத்துக்கு, இரண்டாவது சத்தியம்.

எக்ஸ்ரே அறையில் விளக்கை அணைத்தோம். ஈயக் கோட்டை மாட்டிக்கொண்டேன். குழாயின் வழியாகச் சாயத்தை மெல்லச் செலுத்தினேன். எங்கள் திரையில் அது கறுப்பாகத் தெரியும். சாம்பல் நிற வெளிக்குள் ஒரு கறுப்பு ஓடை பிறந்தது. வளைந்தது, மடிப்புகளில் தயங்கியது, வீங்கிய இடங்களில் குளமாகப் பரவியது. பூமயில் அம்மா கண்ணை மூடியிருந்தார். அன்வர் சார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஓடை அந்த ஒட்டிய இடத்துக்கு வந்து நின்றது. நின்றே இருந்தது. அந்த இருட்டில் மூன்று பேரின் மூச்சுச் சத்தம் மட்டும். எனக்குக் களம் நிறையச் சிவந்து கிடக்கிற மிளகாயின் மேல் கால் படாமல் நடக்கிற ஒரு பெண் தெரிந்தாள்.

"அங்க பாரும்மா" என்றார் அன்வர் சார் என்னிடம்.

குளத்தின் கீழ் ஓரத்திலிருந்து ஒரு நூல். முடியளவு நூல். தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது. யாரும் தள்ளவில்லை. குடல் ஒரு தடவை சுருங்கி விரிய, நூல் இன்னும் கொஞ்சம் நீண்டு, அந்தப் பக்கம் இருந்த சாம்பல் வெளிக்குள் இறங்கியது.

அது போதாது, பெருங்குடல் வரை போக வேண்டும். வார்டுக்குக் கொண்டுபோய்க் காத்திருந்தோம். வெயில் போர்வையிலிருந்து தரைக்கு இறங்கி, சுவரில் ஏறி, மஞ்சளானது. மறுபடி படம் எடுத்தோம். வயிற்றின் வலது ஓரத்தில், கீழிருந்து மேலாக, பெருங்குடல் கறுப்பு மையில் வரைந்தது போல நின்றது. டாக்டர் கனகவேல் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தியேட்டர் பலகையில் பூமயில் என்று எழுதியிருந்ததை அவரே கையால் அழித்தார். அழித்துவிட்டு என்னிடம், "இனிமே அந்தக் கேள்வியை நீ கேளு" என்றார்.

முனியசாமியிடம் அன்வர் சார் பேசினார். "படத்துல வழி தெரியுது. அறுவை வேண்டாம்." முனியசாமி, "அப்பிடியா சார், படத்துல தெரிஞ்சிருச்சா" என்று மிகவும் ஆச்சரியப்பட்டார். அவ்வளவு நன்றாக நடிப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சேலைத் தலைப்புக்குள்ளிருந்து, "படத்துலதான் தெரிஞ்சுதாம்னு மாப்பிள்ளைட்ட சொல்லு தாயி" என்று குரல் வந்தது. இரண்டு பேருக்கும் சொன்னேன்.

அடுத்த நாள் குழாயை எடுத்தோம். போன வேகத்தில்தான் அது வரவும் வேண்டும். பலூனைச் சுருக்கி, ஒரு கை அளவு இழுத்து, நின்று, மூச்சு விடச் சொல்லி, மறுபடி ஒரு கை அளவு. பாதி மதியம் ஆனது. அதன் பிறகு கஞ்சி, பிறகு இட்லி. அதற்கிடையில் செல்விக்கு ஆண் குழந்தை பிறந்த செய்தி வந்தது. பூமயில் அம்மா அதை என்னிடம் கேட்டு, உறுதி செய்துகொண்டு, "சந்தோசம்னு மாப்பிள்ளைட்ட சொல்லு" என்றார்.

வீட்டுக்குப் போகிற நாள் ஒரு சிக்கல் வந்தது. முனியசாமியின் மினி லாரியில் டிரைவர் பக்கத்தில் ஒரே ஒரு இருக்கைதான். பூமயில் அம்மா பின்னால், சாக்குகளின் மேல் உட்கார்ந்து வருகிறேன் என்றார். தையல் போட்ட வயிற்றோடு அது கூடாது என்றார் டாக்டர் கனகவேல், இந்தத் தடவை மெதுவான குரலில். பஸ்ஸும் கூடாது. வேறு வழியில்லை. நான் கையைப் பிடித்து ஏற்றிவிட்டேன். கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டு, தலைப்பைப் போர்த்தி, முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டார். முனியசாமி அந்த ஓரத்துக் கதவோடு ஒட்டிக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தார். நடுவில் மருந்துப் பை மட்டும் இருந்தது.

அடுத்த கேஸுக்கு நேரமாகிவிட்டது. ஓடிப் போய்க் கோட்டை மாட்டிக்கொண்டு, அறைக்குள் நுழையும் முன் மாடி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வண்டி கேட்டைத் தாண்டி, முதுகுளத்தூர் ரோட்டில், கானல் மிதக்கிற வெயிலுக்குள் மெல்லப் போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச தூரம் போனதும் டிரைவர் பக்கத்துக் கண்ணாடி கீழே இறங்கியது. சற்று யோசித்தது போல நேரம் விட்டு, பூமயில் அம்மா பக்கத்துக் கண்ணாடியும் இறங்கியது.